டப்பாக்காரி

வீடு பார்க்க வந்த அன்றைக்கே அவள் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மாடிப் போர்ஷனைத் திறந்து காட்டினேன். சமையல் மேடை, குழாய், கரண்ட் மீட்டர் என்று வழக்கமாக எல்லோரும் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரில் கை வைத்து அடுத்த வீட்டு மாடியைக் கண்ணால் அளந்தாள்.

"இங்கிருந்து அங்க தாண்ட முடியுமா?"

"எதுக்கும்மா தாண்டணும்?"

"ஒண்ணு ஆச்சுன்னா."

"இன்னா ஆவும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கேக்கறேன்."

திருட வந்தவளா, எங்கிருந்தாவது ஓடி வந்தவளா என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே, "பஸ் ஸ்டாண்டுகிட்ட மருந்துக்கடையில வேலை பாக்குற பொண்ணு அது. மாத்திரை வாங்க சொல்லோ பாத்துருக்கேன். குடு" என்றார். கொடுத்தோம். மூன்று வருஷம் இருந்தாள். காலி செய்துகொண்டு வேலூர்ப் பக்கம் போய் நான்கு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் என் கண் மேடையைப் பார்க்காமல் பின்வாசல் எங்கே என்று தேடுகிறது. அவளால் வந்த வியாதி.

முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. தலையைக்கூட நடந்துகொண்டேதான் பின்னுவாள். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கியபடி சாப்பிடுவாள். "உக்காந்து தின்னா சோறு கோவிச்சுக்குமா?" என்று கேட்பேன். சிரிப்பாள், ஆனால் கால் நிற்காது. காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன் ஒருமுறை. சன்னிதியில் கண்ணை மூடித் திறந்தால் ஆளைக் காணோம். எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தாள். பஸ்ஸில் அவசர வழிப் பக்கத்து சீட்டு கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஏனாத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் அவசர வழி எதற்கம்மா என்று கேட்டால் பதில் வராது. கேள்விதான் வரும்.

"இப்ப, இந்த நிமிஷம் ஒண்ணு ஆச்சுன்னா, உங்க உடம்பு மேல என்ன இருக்குது அண்ணி?"

உடம்பு மேல. அதுதான் அவளுடைய சட்டம். வீட்டில் இருப்பது நம்முடையது இல்லை, பையில் இருப்பதும் இல்லை. "பை கைய வுட்டுப் போயிடும். உடம்போட கட்டிக்கினு இருக்கிறது மட்டும்தான் நம்மளுது" என்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்து வந்ததுபோல் இருக்கும். எத்தனையோ நாள் அவள் கடைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்திருக்கிறது.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்துக்கடையில் வேலை என்பதால் சின்னத் தகர டப்பாவுக்கு அவளிடம் பஞ்சமில்லை. தைல டப்பா, களிம்பு டப்பா, தொண்டை மிட்டாய் டப்பா. போதாததற்குத் தெருவில் யார் வீட்டில் பூட்ஸ் பாலிஷ் தீர்ந்தாலும், பெருங்காயம் தீர்ந்தாலும் காலி டப்பா மாடிக்குப் போய்விடும். சோடா உப்புப் போட்டு வாசனை போகக் கொதிக்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உப்புத்தாளை வைத்து விளிம்பைத் தேய்ப்பாள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடிக்குள் பொருத்துவாள். என் வீட்டுக்காரரிடம் மிச்சமாகும் பட்டு நூலைக் கேட்டு வாங்கிப் பின்னி, அந்தக் கயிற்றால் டப்பாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவாள். உள்ளே ஒரு குடித்தனமே இருக்கும். அரை மெழுகுவத்தி, மெழுகில் தோய்த்த தீக்குச்சி, உரசத் தீப்பெட்டிப் பட்டையில் ஒரு கிள்ளு, நூல் கோத்த ஊசி, ஊக்கு, பாதி பிளேடு, பிளாஸ்திரி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, ஒரு விசில், பெயரும் ரத்த வகையும் எழுதி மடித்த காகிதம். கழுத்தில் மாட்டுவதா, இடுப்பில் கட்டுவதா என்று ஆளைப் பார்த்துச் செய்வாள். காசு வாங்க மாட்டாள். தெரு அவளுக்கு டப்பாக்காரி என்று பெயர் வைத்தது. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மாத்திரையில் ஆரம்பித்து ஊசிக்கு வந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். அந்த மனிதரோ தறியில் உட்கார்ந்தால், புடவையில் இந்த ஒரு புட்டாப் பூ முடியட்டும், இன்னும் ஒரு புட்டா என்று சோற்றைத் தள்ளிப்போடுகிறவர். இரண்டு முறை தறியிலேயே வியர்த்து ஊற்றி, வாய் குழறிச் சாய்ந்தார். புடவைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளித் தர நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் ஓடிப்போய்ச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். நான் இல்லாத இடத்தில் இப்படி ஆனால்? எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருக்கிற ஒரே ஜீவன் அவர்தான். அந்தப் பயம் எனக்குள் ராப்பகலாக இருந்தது.

இதைக் கேட்ட மறுநாளே ஒரு டப்பாவோடு இறங்கி வந்தாள். உள்ளே மெழுகுவத்தி கிடையாது, விசில் கிடையாது. பொட்டலமாகக் குளுக்கோஸ், பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டி, அவ்வளவுதான்.

"அண்ணா, கை நடுங்கினா, வேர்த்துச்சுன்னா இதத் தொறந்து வாயில போட்டுக்கணும். யாரையும் கேக்கக் கூடாது. யோசிக்கவும் கூடாது."

"கழுத்துல டப்பா கட்டிக்கினு போறதுக்கு நான் இன்னா மாடா?" என்றார் அவர். ஆனாலும் மாட்டிக்கொண்டார். அவள் சொன்னால் மாட்டிக்கொள்ளாமல் நகர முடியாது. எதிரிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் அறுந்த இழை ஒன்றை எடுக்க அவர் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் குனிந்தார். கழுத்தில் தொங்கிய டப்பா பட்டில் இறங்கியது. நிமிர்ந்தபோது விளிம்பு மாட்டி ஒரு விரல்கடை அகலத்துக்கு இழைகள் போய்விட்டன. கல்யாணப் புடவை, அரக்கில் பச்சைக் கரை. ஒவ்வோர் இழையாகப் பிடித்து முடிச்சுப் போட எங்கள் இருவருக்கும் ஒன்றரை நாள் ஆனது. மாடியைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். அவள் இறங்கி வந்து தறியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "கழுத்து தப்பு. கைக்கு மாத்தணும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் தட்டையான தைல டப்பா ஒன்றுக்குச் சிவப்புத் துணியில் உறை தைத்து, முழங்கைக்கு மேலே புஜத்தில் கட்டுகிற மாதிரி பட்டுக்கயிறு வைத்துக் கொண்டுவந்தாள்.

அங்கேதான் எல்லாம் திசை மாறியது. புஜத்தில், சிவப்புத் துணியில், கயிறு போட்டு ஒன்றைக் கட்டினால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் தாயத்து. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் வாலாஜாபாத் ரோட்டில் என் வீட்டுக்காரரின் வண்டி சறுக்கியது. பின்னால் லாரி. வண்டி ஒரு பக்கம் போய் விழ, இவர் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கையில இன்னாபா கட்டிக்கினு இருக்க?" என்பதுதான். அன்று சாயங்காலமே எங்கள் மாடிப்படியில் வரிசை நின்றது.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. முகமே வேறாகிவிட்டது. ஒரு தெரு முழுக்கத் தயாராகிறது என்று நினைத்தாள். ராத்திரி பகல் பார்க்காமல் தேய்த்தாள், தைத்தாள். வாங்கிப் போனவர்கள் நேராகக் கோயிலுக்குப் போய் அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் குங்குமப் பொட்டு இட்டுக் கட்டிக்கொண்டார்கள். யாரும் திறக்கவில்லை. திறந்தவர்களும் உள்ளே இருந்த பிளேடையும் விசிலையும் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு விபூதியை நிரப்பினார்கள். சாமி சமாச்சாரத்துக்குள் பிளேடு எதற்கு?

வெள்ளிக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய்த் திறந்து பார்ப்பது என்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். இந்த ஊரில் வேறு எந்தக் கிழமையை மறந்தாலும் வெள்ளிக்கிழமையை மறக்க மாட்டார்கள் என்பது அவள் யோசனை. முதல் வெள்ளிக்கிழமையே திரும்பி வந்தவள் என் சமையலறை வாசலில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"தெருக்கோடி வீட்டு அம்மா டப்பாவுல எலுமிச்சம்பழத் தோலு இருக்குது அண்ணி. பக்கத்து வீட்டுல கற்பூரம். எல்லாத்துலயும் விபூதி."

"நல்லதுதானேம்மா."

"இது கஷ்டம் வந்தா தொறக்கறதுக்கு அண்ணி. இவங்க கஷ்டமே வரக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

"இல்ல" என்றாள். மறுபடி விசில், மறுபடி பிளேடு என்று வாங்கி வந்து ஒவ்வொரு வீடாக நிரப்பினாள். அவர்கள் மறுபடி கொட்டினார்கள். அவளுக்கும் தெருவுக்கும் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் ஒரு நாள் வீட்டுக்காரரின் டப்பாவைத் துடைக்கத் திறந்தவள் அந்த ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தாமல் மூடிவிட்டேன். இரண்டே நாளில் எறும்பு. தறியில் இருந்தவரைப் புஜத்தில் கடித்துப் பிடுங்கிவிட்டது. கழற்றி எறியப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு, "குடுங்க, நான் பாக்கறேன்" என்று வாங்கினேன். வெல்லத்தையும் குளுக்கோஸையும் குப்பையில் கொட்டிக் கழுவிக் காயவைத்தேன். அன்று ஆடி வெள்ளி. கோயிலில் கொடுத்த விபூதி கையில் இருந்தது. அவர் பெயருக்கு அர்ச்சனை செய்த விபூதி. அதைப் போட்டு, ஒரு வில்வ இலையையும் வைத்து மூடினேன். எறும்பு வராது, அம்மன் இருப்பாள் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. மாடிக்காரியிடம் சொல்லி வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். சொன்னால் ரப்பர் வளையத்துக்கு ஒரு பாடம் எடுப்பாள், எனக்குச் சுருக்கென்று வரும். விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து, "அண்ணா டப்பா?" என்று கேட்பாள்.

"காலையிலதான் பாத்தேன். எல்லாம் இருக்குது."

என்னை மட்டும் அவள் நம்பினாள். தெருவில் மற்ற எல்லோர் டப்பாவையும் திறந்து பார்த்தவள், என் வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

கார்த்திகையில் விடாமல் மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே எழுந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு ஆறு என்றால் மணல். அதில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது என்றால் ஒதுங்கி நிற்கத் தோன்றாது. மஞ்சள், குங்குமம், பூ எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிட்டப் போய்ப் பார்ப்போம். என் வீட்டுக்காரர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றுவிட்டு, "ஓரிக்கை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம் வா" என்றார்.

அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "தண்ணி வந்தா ஜனங்க மேட்டுக்குப் போவாங்க. நீங்கல்லாம் ஆத்துக்குப் போறீங்களே" என்றாள். பிறகு அவர் புஜத்தைப் பார்த்தாள். "டப்பா?"

"இருக்குது, இருக்குது" என்றேன்.

ஓரிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நடந்தோம். கரையில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. பூவைப் போட்டேன், கும்பிட்டேன். திரும்பலாம் என்றால் பின்னால் வந்த கூட்டம் விடவில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

"என்னை ஏண்டி தள்ற?" என்றார் அவர். நான் தள்ளவில்லை. அவரை யாருமே தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன். தூறலில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க இவர் முகத்தில் மட்டும் முத்து முத்தாக வியர்வை. முழங்கால் மடிந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டப்பாவை அவிழ்த்தேன். முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். மூடியை நெம்பித் திறந்தேன்.

விபூதி.

சத்தியமாகச் சொல்கிறேன், திறக்கும்வரை எனக்கு அது ஞாபகமே இல்லை. நானே வைத்ததை யாரோ எனக்குச் செய்த துரோகம்போல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "அதான் கையிலயே விபூதி இருக்குதேம்மா, பூசு" என்றவர், நான் அசையாததால் அவரே அள்ளி இவர் நெற்றி நிறையப் பூசிவிட்டார். அது வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. என் வீட்டுக்காரர் துடைத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

"சர்க்கரை. யார்கிட்டயாவது சர்க்கரை இருக்குதா?" என்று கத்தினேன். நல்லவர்கள்தான், எல்லோரும் பையைத் துழாவினார்கள். மஞ்சள் நீட்டினார்கள், கற்பூரம் நீட்டினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இனிப்பாக ஒன்று இல்லை அத்தனை ஜனத்திடமும்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. ஜனம் கூடுகிற இடத்துக்குப் பஞ்சுமிட்டாய்க்காரர் வராமல் இருப்பாரா. கொம்பு நிறைய ரோஸ் கலர் பொட்டலங்களோடு கூட்டத்தின் ஓரத்தில் வந்துகொண்டிருந்தார். எத்தனை பேரை இடித்தேன், யார் காலை மிதித்தேன் என்று தெரியாது. போய்க் கொம்போடு பிடித்து இழுத்தேன். திட்ட வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே ஓடிவந்தார். அவர் பொட்டலத்தைக் கிழிக்கக் கிழிக்க நான் பிய்த்துப் பிய்த்து என் வீட்டுக்காரர் கன்னத்துக்குள் திணித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கரைந்து உள்ளே இறங்கியது. கால் மணி நேரம் போயிருக்கும். "இன்னாடி இது, வாயெல்லாம் பிசுபிசுன்னு" என்றார். அந்தச் சேற்றில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தெருவில் பேச்சு வேறாக இருந்தது. டப்பாவைத் திறந்தாளாம், விபூதியைப் பூசினாளாம், மனிதர் எழுந்து உட்கார்ந்தாராம். சொன்னது யாரோ இல்லை, என் வீட்டுக்காரரேதான். அவருக்கு ஞாபகம் இருந்தது அந்த விபூதி மட்டும்தான். டப்பாவை மறுபடி கட்டிக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பஞ்சுமிட்டாயைப் பற்றிச் சொன்னால் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த நாள் அவள் கடைக்கு விடுமுறை. மத்தியானம் வேகமாகப் படியிறங்கி வந்தாள். தெருப் பேச்சு காதில் விழுந்திருக்கிறது. ஆனால் விபூதிக் கதையைத் தள்ளிவிட்டு அவளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை செஞ்சுதுல்ல அண்ணி? நான் சொல்லல? டப்பாவக் குடுங்க, காலியா இருக்கும். ரொப்பித் தரேன்."

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காலையில் அவர் குளிக்கக் கழற்றி மறந்து வைத்த டப்பா சமையலறை ஜன்னலில் இருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் எடுத்துத் திறந்துவிட்டாள்.

பார்த்தாள். மூடவில்லை.

"எப்பத்துல இருந்து?"

"ஆடி மாசத்துல இருந்து."

"நான் வாராவாரம் கேட்டனே."

"கேட்ட. பொய்தான் சொன்னேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, வில்வ இலை, ஆற்றங்கரை, பஞ்சுமிட்டாய். வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. விபூதியை ஒரு காகிதத்தில் சிந்தாமல் கொட்டினாள். டப்பாவின் உட்புறத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க அம்மாவுக்கும் ஊசிதான் அண்ணி. இடுப்புல ஒரு தைல டப்பா சொருகியிருப்பாங்க. உள்ள மூணு மிட்டாய். நான் காலேஜ் படிச்சுக்கினு இருந்தேன். ஆரணியில இருந்து வந்துக்கினு இருக்க சொல்லோ வழியில தண்ணி வரலன்னு ரோட்டுல குடத்த வெச்சு மறியல். ரெண்டு மணி நேரம் பஸ்ஸு நவரல. எனக்குப் பசி. அம்மா தோள்ல சாஞ்சு தூங்கினு இருந்தாங்க. மெதுவா டப்பாவ உருவி மூணு மிட்டாயையும் தின்னுட்டேன். எறங்கினதும் வாங்கிப் போட்டுடலாம்னு."

துடைப்பதை நிறுத்தினாள்.

"அவங்க தூங்கல அண்ணி, மயங்கியிருந்தாங்க. எனக்கு அது தெரியல."

அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள். சுடிதார்ப் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து வைத்தாள், ரப்பர் வளையத்தை விரலால் சுற்றிலும் அழுத்தினாள், மூடினாள்.

"உங்களுக்குப் பஞ்சுமிட்டாய்க்காரரு வந்தாரு" என்றாள். குற்றம் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸையும் எங்கள் ஆற்றங்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கண்ணீர் கொட்டியது, அவளுக்கு வரவில்லை. முன்கட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அண்ணா சாப்ட்டாரா?"

"இன்னும் இல்ல. தோ வரேன்னாரு."

"ஊசி?"

"போட்டாச்சு."

"அப்ப இன்னா அண்ணி அழுதுக்கினு நிக்கறீங்க" என்றாள். "போய் சோத்தப் போடுங்க."